கழுகுமலையில் அப்பா போட்ட கணக்கு

திருப்பூரிலிருந்து குற்றாலத்துக்கு நேர் வழியில் போயிருந்தால் மதுரை தாண்டி ராஜபாளையம் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான்தான் காரை நான்குவழிச் சாலையிலேயே விட்டேன். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்கணும் என்று சாக்கு சொன்னேன். உண்மையான காரணம், அங்கிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் கழுகுமலை. அப்பாவுக்கு வெட்டுவான் கோயிலைக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அப்பா முப்பது வருஷம் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தியவர். மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு கிரானைட் பட்டறைக்குப் போனார். கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் தூணைத் தட்டிப் பார்ப்பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயிலில் அவசரமாக ஒரு கும்பிடு. குடைவரையில் இருக்கும் முருகன் அவர். அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இவரைத்தான். அப்புறம் மலை ஏறினோம். ஜூன் மாத வெயிலில் பாறை தோசைக்கல் மாதிரி இருந்தது. பையன் பாதியிலேயே, "அருவிக்குன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?" என்று ஆரம்பித்துவிட்டான்.

வெட்டுவான் கோயில் கீழிருந்து எழுப்பிய கட்டடம் அல்ல. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையைச் சுற்றிலும் பள்ளமாக வெட்டி இறக்கி, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே முறைதான். மேலே நின்று பார்த்தால் விமானத்தின் தலை நம் கண்ணுக்கு நேராக நிற்கிறது. எட்டுப் பட்டைச் சிகரம், மூலைகளில் நந்திகள், குட்டை குட்டையாகப் பூதகணங்கள். தெற்கே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். மற்ற ஊரில் ஆலமரத்தடியில் மௌனமாக உட்கார்ந்திருப்பவர் இங்கே தாளம் போடுகிறார். கீழே போகப் போக வேலை குறைந்துகொண்டே வந்து, அடிப்பகுதி வெறும் பாறையாக நின்றுவிடுகிறது. கருவறையில் இப்போது இருக்கும் பிள்ளையார் பிற்காலத்தில் வைத்தவர்.

அங்கே நின்றிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கதை சொன்னார். அப்பனும் மகனும் சிற்பிகளாம். மகன் வேலையை ஊரே புகழ்ந்தது பொறுக்காமல் அப்பன் உளியை எறிந்து கொன்றுவிட்டானாம், அதனால்தான் வேலை நின்றுபோச்சாம்.

அவர் நகர்ந்ததும் அப்பா என்னிடம், "அதெல்லாம் சும்மா அம்மிணி. உளிய எறியறவன் தொழில்காரனே இல்ல" என்றார்.

பிறகு அடிப்பகுதிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கல்லைத் தொடவில்லை, ஒரு சாண் தள்ளி, காற்றில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். "இது பாரு, உளி சாஞ்சு விழுந்திருக்கு. இது வேற கை. மேல இருந்து இறங்கினா சாரம் கட்ட வேண்டியதில்ல. ஆனா ஒரு சில்லு தப்பாப் போச்சுன்னா ஒட்ட வைக்க முடியுமா?" இத்தனை வருஷத்தில் தன் தொழிலைப் பற்றி அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. நானும் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்திலேயே சமணப் படுகை. பாறை முகத்தில் சுமார் 150 தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் அருகர், உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஐந்து தலைப் பாம்பு குடை பிடிக்கும் பார்சுவநாதர் பெரிதாகத் தெரிகிறார். கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர்களின் பெயரும் ஊரும். குரத்தியர் என்ற பெண் துறவிகளும் அதில் உண்டு, தச்சர், குயவர் போன்ற தொழில்காரர்களும் உண்டு. இதைச் சொன்னதும் அப்பா, "செய்யச் சொன்னவன் பேரு இருக்கு சரி, செஞ்சவன் பேரு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பையன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்திருந்தான்.

சங்கரன்கோவில் வழியாகக் குற்றாலம் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. ஐந்தருவியில் நல்ல கூட்டம். குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டே வந்த அப்பா, பையனிடம் சொன்னார்: "சாமி, அந்த அடிப்பகுதி இருக்கே, தெரிஞ்ச ஆளு நாலு பேரு இருந்தா ஒரு வருஷ வேலைதான்."

"நீங்க இருந்தா அப்புச்சி?"

"நான் இருந்தா பத்து மாசம்."