இபாதான் போனால் அபுலா

நைஜீரியாவில் யோருபாக்காரர்களிடம் எந்த ஊரில் நல்ல அமாலா என்ற களி கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் இபாதான் என்பார்கள். லாகோஸிலிருந்து 2021இல் திறந்த புதிய ரயில் பாதையில் போய் மோனியாவில் இறங்கினோம், அங்கிருந்து ஊருக்குள் வர டாக்ஸி பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் போடிஜா பக்கம் ஒரு புக்கா, அதாவது சாதாரண சாப்பாட்டுக் கடை.

தட்டில் வருவது அபுலா. பச்சையாக எவேடு, மஞ்சளாக பெகிரி, நடுவில் சிவப்பாக ஓபே அட்டா என்ற மிளகாய்க் குழம்பு, மூன்றும் ஒன்றாக. தொட்டுச் சாப்பிட அமாலா, யாம் கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவில் கிண்டிய களி. கிழங்கு வெள்ளைதான், வெந்நீரில் விழுந்ததும் மாவு கரும்பழுப்பாகிவிடுகிறது.

எவேடு என்பது சணல் செடியின் இலை. துளி கார உப்பு (சோடா உப்பு மாதிரி) சேர்த்துச் சில நிமிடம் வேகவிட்டு, சமையலுக்கென்றே வைத்திருக்கும் இஜாபே என்ற குட்டி ஈர்க்கு விளக்குமாற்றால் பானைக்குள்ளேயே அடித்துக் குழைக்கிறார்கள். கடையில் சமைக்கும் அம்மா கையை நிறுத்தி இஜாபேயைத் தூக்கிக் காட்டினார், குச்சி நுனியிலிருந்து பச்சை நூல் அறுந்து விழாமல் அப்படியே தொங்கியது. வழவழப்பு பிடிக்காதவர்களுக்குச் சிரமம்தான், எனக்கு வெண்டைக்காய் பழக்கம் என்பதால் பிரச்சினை இல்லை.

ஆனால் என் ஓட்டு பெகிரிக்குத்தான். காராமணியை ஊறவைத்துத் தோலைத் தேய்த்து எடுத்து, குழைய வேகவைத்து மசித்து, செம்பனை எண்ணெயும் மிளகாயும் சேர்ப்பது. அந்தத் தோல் எடுக்கும் வேலைக்குப் பயந்தே பலர் வீட்டில் இதைச் செய்வதில்லை. ஓபே அட்டாவின் காரம் ரோடோ மிளகாயிலிருந்து வருகிறது, நாக்கை எரித்துவிடும். பெகிரி அதைத் தணிக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது இரூ. ஒரு மரத்தின் விதையை மணிக்கணக்கில் அவித்து, தோல் நீக்கி, மூடிவைத்துச் சில நாள் புளிக்கவிட்டது. சந்தையில் குவியலாக விற்கிறார்கள், கிட்டே போனால் மூக்கை அடைக்கும், குழம்பில் விழுந்தால் அதே நாற்றம்தான் ருசி. எவேடில் இரூ குறைந்தால் பக்கத்து மேசைக்காரர் முகம் சுளிக்கிறார்!

கறியில் ஷாக்கி (மாட்டு இரைப்பை), பொன்மோ (மாட்டுத் தோல்) என்று கேட்பார்கள், ஷாக்கி சொல்லுங்கள், பொன்மோ வெறும் மெல்லும் வேலை. மதியத்துக்குள் போய்விடுவது நல்லது, அமாலா ஆறினால் கெட்டியாகிவிடும். பெகிரி தீர்ந்துவிட்டது, எவேடு மட்டும் இருக்கிறது என்று சொன்னால் சரி என்று தலையாட்டாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.