ஐம்பதுக்குப் பிறகு உடை: முதலில் தோளைப் பாருங்கள்

ஐம்பதைத் தாண்டியதும் பழைய அளவு உடை பொருந்தாமல் போவதற்கு எடை மட்டுமே காரணமில்லை. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது. மார்பு சற்று இறங்குகிறது, பலருக்குத் தோளும் முன்னே வளைகிறது. எடை மாறாமலேயே உடல்வாகு மாறிவிடுகிறது.

அதனால் தோளுக்குப் பொருந்தும் உடையை வாங்குங்கள். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். இடுப்பைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் தையல்காரருக்குச் சுலபம். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் உடையின் கையையே பிரித்தாக வேண்டும். உடை பின்னே வழுக்கி, கழுத்து தொண்டையை அழுத்துகிறதா? பெரும்பாலும் முன்வளைந்த தோள்தான் காரணம். புதிதாகத் தைக்கும்போது தோள் தையலை 1 செ.மீ. முன்னே நகர்த்தச் சொன்னால் தீரும்.

மார்பு டார்ட்டின் (மார்புக்கு வடிவம் தரத் துணியை மடித்துத் தைக்கும் கூரான தையலின்) முனை, மார்பின் உச்சிக்கு 2 முதல் 3 செ.மீ. முன்பே முடிய வேண்டும். அதிகம் மேலே இருந்தால் அங்கே துணி வெற்றாகப் புடைத்து நிற்கும். (பிராவின் பட்டையைச் சரிசெய்த பிறகே அளவெடுங்கள்.)

தொளதொளவென்ற உடை வயிற்றை மறைக்கும் என்ற நம்பிக்கை தவறு. அது மார்பிலிருந்து கூடாரம்போல் தொங்கி, உடல் முழுவதையும் பெரிதாகக் காட்டும். உடம்பைத் தொட்டும் தொடாமலும் விழும் விஸ்கோஸ், கிரேப் துணிகள் நல்லவை. மேலாடையின் ஓரம் இடுப்பின் அகலமான இடத்தில் முடியக்கூடாது. 4, 5 செ.மீ. மேலோ கீழோ முடித்தாலே போதும், தோற்றம் மாறிவிடும்.