மழைக்காலமும் குழந்தையின் மூச்சும்

காவிரிப் படுகைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றும் எனக்கு, ஐப்பசி பிறந்துவிட்டால் தடுப்பூசி போடும் புதன்கிழமைகளெல்லாம் சளிப் புதன்கிழமைகளாக மாறிவிடும். வட இந்தியாவில் ஃப்ளூ காய்ச்சல் பெரும்பாலும் குளிர்காலத்திலும் தென்மேற்குப் பருவமழையின்போதும் பரவும். தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில் ஓங்கும். அதே மாதங்களில் டெங்குவும் இருக்கும் என்பதால், காய்ச்சல் என்று வந்தவர்களை உற்றுப் பார்க்காமல் அனுப்புவதற்கில்லை.

வைரஸால் வரும் சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கும். அதை விரட்டும் மருந்து எதுவும் கிடையாது. ஆனால் நூறு குழந்தைகளுக்கு வரும் சளியில் எது நிமோனியாவாக மாறுகிறது என்பதை நேரத்தோடு கண்டுகொண்டால் உயிரைக் காப்பாற்றலாம். அதைக் கண்டுகொள்ள வேண்டியவர் இரவு முழுவதும் குழந்தையின் அருகில் இருக்கும் தாயோ பாட்டியோதான். மறுநாள் காலையில் வரும் நானல்ல. ஆகவே மழைக்காலத்தில் என் முதல் வேலை, மூச்சை எண்ணக் கற்றுக்கொடுப்பது என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் குழந்தையை மடியில் கிடத்தி, சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது, ஏனென்றால் கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு, நிமோனியாவின் அறிகுறி. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். கடிகாரம் பார்க்கத் தெரியாத பாட்டிமார்கள் பேரனின் கைப்பேசியில் ஒரு நிமிட அலாரம் வைத்துக்கொண்டு, விரல் மடக்கிப் பிசகாமல் எண்ணுகிறார்கள். இந்தப் பாட்டிகளைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தையின் முகவாட்டத்தை வீட்டில் முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான்.

ஆனால் அவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்ளும் விஷயங்களும் உண்டு. குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான்: தலை ஈரம் காய்வதற்காகக் குழந்தையைப் புகைக்கு மேல் பிடிக்கிறார்கள், ஏற்கெனவே சளியால் சுருங்கியிருக்கும் மூச்சுக்குழாய் அதில் மேலும் இறுகுகிறது. “ஆச்சி, சாமிக்குப் போடுங்க, பிள்ளைக்குத் துண்டால தலையத் துவட்டிவிடுங்க, போதும்” என்று சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் பிடிக்கும் பீடியை நிறுத்தச் சொல்லித் தாத்தாக்களை இணங்கவைப்பதுதான் இதைவிடக் கடினம்.

இருமல் சிரப் விஷயத்தில் 2025க்குப் பிறகு நான் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். அந்த ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது, அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்தே எழுதக் கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. நச்சு கலவாத சிரப்பாலும் சளி சீக்கிரம் போய்விடுவதில்லை என்பதைத் தாய்மார்களுக்கு விளக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால், ஒரு வயது கடந்திருந்தால் இருமலுக்குத் தேன், எந்த வயதிலும் இடைவிடாத தாய்ப்பால் அல்லது வெதுவெதுப்பான ஆகாரம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை வேறு காய்ச்சல் மாத்திரைகளைத் தொட வேண்டாம்.

காய்ச்சல் உள்ள குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வது எளிது. நடவுக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அப்படிப்பட்ட வீடுகளில் நான் அறிவுரையோடு நிறுத்துவதில்லை; அக்கம்பக்கத்தில் யாராவது ஓரிரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்களா என்று நானே போய்க் கேட்பதுண்டு.

ஃப்ளூ தடுப்பூசி குழந்தைகளுக்கான அரசின் இலவச அட்டவணையில் இல்லை. ஆனால் நிமோனியாவின் முக்கியக் காரணங்கள் இரண்டுக்கு அதில் தடுப்பு இருக்கிறது: ஒன்று ஹிப் என்ற கிருமி உட்பட ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசி, மற்றது நியூமோகாக்கஸ் என்ற கிருமிக்கு எதிராக 2021 முதல் தமிழ்நாட்டில் போடப்படும் நியூமோகாக்கல் ஊசி. பின்னது ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும், பிறகு ஒன்பது மாதம் முடிந்ததும் போடப்படும். லேசான சளி இருக்கிறது என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. மழையில் ஒரு தவணை தவறியிருந்தாலும் அடுத்த புதனன்று அட்டையோடு வந்தால் போதும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம்.