கொழுந்து நின்றால்தான் பேச்சு

அகிம்சை என்றதும் பந்தலில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1952இல் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குப் பிரஜாவுரிமை கேட்டு, அவர்களின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் நடத்திய சத்தியாக்கிரகம் 100 நாளுக்கு மேல் நீண்டது. உரிமை கிடைக்கவில்லை. துணிச்சலில் குறையில்லை, ஆனால் மலையில் பறித்த கொழுந்து வழக்கம்போல ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போய்க்கொண்டுதான் இருந்தது.

அதே உரிமைக்காக 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டம் வேறு மாதிரி. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள் சாமி கும்பிடக் கூடினார்கள். கும்பிடுகிறவர்களை எந்தக் குற்றத்துக்குப் பிடிப்பது? அன்றைய அரசியல் சூழலும் கைகொடுத்தது, உண்மைதான். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டம் அதே ஆண்டிலேயே வந்தது.

காலை வேலை நின்றால் தோட்டத்துக்கு ஏன் வலிக்கிறது? ஒரு மலையில், அதாவது ஒரு தேயிலைப் பகுதியில், ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும். தவறினால் இரண்டு இலையும் மொட்டுமாக இருந்தது முற்றி, தண்டு நாராகிவிடும். ஸ்டோரில் அரைபடாது, ஏலத்தில் விலையும் போகாது. இன்னும் விட்டால் செடியின் மேல்மட்டத்தை வெட்டித் தள்ளிவிட்டுத் திரும்பத் துளிர்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மெதுவாக வேலை செய்யும் போராட்டம் இதைவிடச் சிக்கலானது. 2015இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு அப்படிச் செய்தார்கள்; 2016 ஒப்பந்தத்தில் வந்தது எல்லாம் சேர்த்து 730. வேலைக்கு வந்தாயிற்று, ஆனால் நிறுவை குறைவு. அப்போது தோட்டம் அரைப்பேர் போடும், அதாவது பாதி நாள் சம்பளம்தான் கணக்கில் வரும், இல்லாவிட்டால் கிலோவுக்குக் கணக்குப் பார்க்கும். நட்டம் முதலில் விழுவது கூடை சுமப்பவர் தலையில். ஐந்து கிலோ என்று பேசிவைத்தால் எல்லோரும் ஐந்துதான் நிறுக்க வேண்டும். ஒருவர் பன்னிரண்டு கொண்டுவந்தால் மறுநாள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அதைக் காட்டியே மற்றவர்களைக் கேட்பார்.

ஆகவே இறங்குவதற்கு முன்பே செய்யவேண்டியது: தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் அரிசி, மா சேர்ப்பது, கடைக்காரரிடம் கடனுக்குச் சொல்லிவைப்பது. பல போராட்டங்கள் பொலிஸால் அல்ல, இரண்டாம் வாரத்துப் பசியால்தான் உடைகின்றன. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்று பார்க்காமல் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் (டிவிஷனிலும்) ஒரு கமிட்டி போடுங்கள், பாதியாவது பெண்கள் இருக்கட்டும். கொழுந்து எடுக்கும் கை அவர்களுடையது. கொழுந்து மடுவத்தில், அதாவது நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும்போதே எடையை ஒரு கொப்பியில் தேதியோடு எழுதி, பக்கத்தில் நிற்கும் இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தொழில் திணைக்களத்துக்குப் போனால் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுக் காட்ட இந்தக் கொப்பி வேண்டும்.