காம்பஸ் மதியத்துக்கு மேல்தான்

மலையேற்றத்தில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கப் பழக வருகிறவர்களுக்குக் காலையில் நான் திசைகாட்டும் காம்பஸைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அத்தனை பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எதிரே நிற்கிற மலையை யாரும் பார்க்க மாட்டார்கள். முள் எங்கேயும் ஓடிவிடாது. வேலூரில் ஓடிவிடுவது காலை நேரம்தான். பத்து மணிக்குப் பாறை சுட ஆரம்பித்துவிடும்.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்துவிட்டன, வந்ததும் நல்லதுதான். அதனால் முதல் பாடம் அடிவாரத்தில், ஏதாவது ஒரு புளியமரத்தடியில் நடக்கும். அங்கே முதலில் வெளியே வருவது உருளைக்கிழங்கு.

இரண்டு புடைப்பு உள்ள கிழங்காகத் தேடி எடுத்து, பாதியாக அறுத்துக் கவிழ்த்து, மேலிருந்து கீழ்வரை ஈர்க்குச்சியால் இரண்டு துளை போட்டுக் குச்சியை உருவிவிடுவேன். பிறகு ஒரே கனத்தில் வில்லை வில்லையாக அறுக்க வேண்டும். அடி வில்லையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, துளைகளையும் குறித்துக்கொண்டு, அடுத்த வில்லையின் துளைகளை அந்தக் குறிகளின் மேலேயே பொருத்தி மறுபடி வரைய வேண்டும். மேலே போகப்போக வில்லை இரண்டு துண்டாகப் பிரியும். தாளில் இரண்டு தனித்தனி வட்டங்கள் வந்து உட்காரும். இடையில் உள்ள வெற்றிடம்தான் இரண்டு சிகரங்களுக்கு நடுவேயுள்ள கணவாய். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற சம உயரக் கோட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இந்த இடத்தில்தான் நிமிர்ந்து மலையைப் பார்ப்பார்கள்.

அதன் பிறகே இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாளை விரிப்போம். ஏலகிரி இருக்கிற தாளின் பழைய எண் 57 எல்/10. அளவை 1:50,000, அதாவது தாளில் 2 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். இரண்டு சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். இந்த 20 மீட்டரை நான் அழுத்திச் சொல்வேன். நம் பக்கத்து மலைகளில் மொட்டைப் பாறைகள் அதிகம். 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே அடையாளமே இல்லாமல் ஒளிந்துகொள்ளலாம். தாளில் வெறும் சரிவு, நேரில் போய் நின்றால் கால் வைக்க வழி இருக்காது.

இன்னொன்று, வறண்ட ஓடைகளை இந்தத் தாளில் கறுப்புக் கோட்டால் காட்டியிருப்பார்கள், நீலம் தண்ணீருக்கு. புதிதாக வருகிறவர்கள் கறுப்புக் கோட்டைக் கண்டதும் பாதை என்று விரல் வைப்பார்கள். பாலாற்றங்கரைக்காரர்களுக்கு மட்டும் இதைச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். ஆறு என்றால் அதில் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

ஆனால் இவையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடுகிற விஷயங்கள். சொல்லிக்கொடுத்தும் லேசில் வராத ஒன்று இருக்கிறது. பாதி வழியில் நிறுத்தி, 'இப்போது எங்கே இருக்கிறோம்?' என்று கேட்டால், பெரும்பாலோர் தாங்கள் இருக்க விரும்பும் இடத்தில் விரலை வைக்கிறார்கள். ஒரு தடவை ஓர் இளைஞர் தாளில் கோயில் குறி இருந்த மேட்டில் நிற்பதாக அடித்துச் சொன்னார். சுற்றிப் பார்த்தால் கோயில் இல்லை. "இடித்திருப்பார்கள் சார்" என்றார். நம் ஊரில் கோயிலைப் புதிதாகக் கட்டுவார்கள், பெரிதாக்குவார்கள், ஒலிபெருக்கி வைப்பார்கள், இடித்துவிட்டுப் போய்விடுவார்களா? வலப்புறம் இருக்க வேண்டிய ஓடை இடப்புறம் இருந்தது. அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். தாளுக்கு ஏற்ற மாதிரி மலையை வளைக்க ஆரம்பித்துவிட்டால், வழி தவறியது தெரியாமலே இரண்டு கிலோமீட்டர் போய்விடலாம்.

இதற்கு நான் கண்ட மருந்து, நடப்பதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வைப்பது. அடுத்த பத்து நிமிடத்தில் இடப்பக்கம் சரிவு வரும், ஓர் ஓடையைத் தாண்டுவோம், பிறகு ஏற்றம் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். சொன்னது வராவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும். ஜவ்வாது மலையில் எங்களுடன் துணைக்கு வரும் அண்ணன் ஒருவர், அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், தாளைத் தொட்டதே இல்லை. ஆனால் இதைத்தான் ஓயாமல் செய்வார். "கொஞ்சம் போனால் மூங்கில் புதர் வரும், அதைத் தாண்டி இறக்கம்" என்பார். "அவருக்கே வழி தெரியும்போது நமக்கு எதற்கு சார் இதெல்லாம்?" என்று ஒரு பெண் கேட்டதற்கு அவரே பதில் சொன்னார்: "ஏலகிரியில் விட்டால் நானும் உங்களைப்போலத்தானம்மா."

சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தாழ்ந்ததும் காம்பஸ். உண்மையில் அது அரைமணி நேர வேலை. முள் காட்டும் காந்த வடக்குக்கும் வட துருவத்தை நோக்கிய உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை வெளிநாட்டுக் கையேடுகள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்கும். நம் பக்கத்தில் அது ஒன்றிரண்டு பாகைதான், மேற்கே. ஒரு பாகை தவறினால் 1 கிலோமீட்டரில் சுமார் 17 மீட்டர் விலகுவோம். புதியவர்களின் கை நடுக்கமே அதைவிட அதிகம். வடக்கைக் காட்டும் சிவப்பு முனையை மாற்றிப் பிடித்து நேர் எதிர்த்திசையில் கிளம்புவதுதான் பெரிய ஆபத்து. அடுத்தது, காம்பஸைப் பிடித்த கையிலேயே, முள்ளை இழுத்துவிடும் செல்போனையும் பிடிப்பது. ஜீப்பின் இரும்பு பானெட்டின் மேல் தாளை விரித்துத் திசை பார்ப்பவர்களும் உண்டு. பழைய வட ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன்மலைப் பக்கம் போனால் பாறையிலேயே காந்தத் தாது இருக்கிறது. அங்கே முள்ளின் பேச்சைச் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் வாங்கிவந்த விலை உயர்ந்த காம்பஸும் இங்கே கொஞ்சம் மக்கர் செய்யும். வடக்கத்திய நாடுகளில் முள்ளின் வடமுனை கீழ்நோக்கி இழுக்கப்படும் என்பதால் தென்முனையில் எடை சேர்த்திருப்பார்கள். முள் எந்தப் பக்கமும் தாழாமல் கிடையாக நிற்கிற காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு அதுதான் காரணம். இவ்வளவு அருகில் அந்த இழுப்பு குறைவு. எனவே தென்முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசும். சற்றுச் சாய்த்துப் பிடித்தால் முள் சுழலும்.

கடைசிப் பயிற்சிக்கு இருவர் இருவராக அனுப்புவேன். ஒருவர் தாளைப் பார்த்து வரப்போவதைச் சொல்ல வேண்டும். மற்றவர் தாளைப் பார்க்காமல், சொன்னது வந்ததா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். நண்பர்கள் நன்றாகச் செய்கிறார்கள், முன்பின் தெரியாதவர்கள் இன்னும் நன்றாகச் செய்கிறார்கள். கணவன் மனைவியை மட்டும் ஒரே ஜோடியாகப் போடுவதை நிறுத்திவிட்டேன். 'இல்லை, வரவில்லை' என்று ஒருவர் சொன்னதும் அவர்களுக்குள் பேச்சு ஓடையைத் தாண்டி எங்கெங்கோ போய்விடுகிறது.