ஒரு சாண் தள்ளி எடுத்த மணல்

நுண்ணுயிர் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வெளி வேலை, சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் மணல் எடுத்து வருவது. அனுமதிக் கடிதத்தோடு போய், வெயில் ஏறுவதற்குள் பத்து இடங்களில் அள்ளினேன். எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக் கலந்துவிட்டேன். மணல்தானே, எங்கே எடுத்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் மூத்த உதவியாளர் அண்ணன் திட்டவில்லை. “தம்பி, இதுல சவுக்கு மரத்தடி மணல் எது, வெட்டவெளி மணல் எது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த முறை அவரும் கூட வந்தார். மணலில் முளைத்திருந்த ஒரு புல்லை வேரோடு எடுத்து உதறினார். மணல் உதிர்ந்தது; ஆனால் வேரைச் சுற்றி மெல்லிய உறை மாட்டியது போலக் கொஞ்சம் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. வேர்த்தூவிகளும், வேரும் நுண்ணுயிர்களும் கசியவிடும் பசையும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கிற மணல் அது. நுண்ணுயிர்க்குச் சாப்பாடு அங்கேதான் கிடைக்கிறது. ஒரு சாண் தள்ளினால் ஈரமும் நிற்காது, இரையும் இல்லை. சவுக்கு இன்னும் ஒரு படி மேல்: அதன் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. வளமில்லாத மணலில் சவுக்கு தழைத்து நிற்பதற்கு அது பெரிய காரணம். பாலைவனங்களிலும் இதே கதைதான். புதர்களின் அடியில் மட்டும் உயிர் செறிந்திருக்கும், அவற்றை வளத்தீவுகள் என்கிறார்கள்.

அந்தப் பூங்கா நிற்கும் இடமே முன்பு கடல். 1966இல் தொடங்கிய நிலமீட்பில் குன்றுகளை வெட்டிய மண்ணால் தூர்த்த நிலம். அத்தனை உயிர்களும் அதற்குப் பிறகுதான் இடம்பிடித்து அமர்ந்தன என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்த முறை தனித்தனியாக எடுத்து, நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளில் பரப்பினோம். மரத்தடித் தட்டில் எண்ண முடியாத அளவு நுண்ணுயிர்ப் புள்ளிகள். வெட்டவெளித் தட்டில் விரல்விட்டு எண்ணலாம். தட்டில் வளராதவையே மண்ணில் அதிகம் என்பது வேறு விஷயம். ஆனால் என் பழைய பையை வைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு பொய்யான எண்தான் கிடைத்திருக்கும். அந்தக் கடற்கரையில் எங்குமே இல்லாத ஓர் எண்.

இப்போதெல்லாம் வேரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிய பிறகுதான் குழாயில் மணலைப் போடுகிறேன்.