பிம்: உரிமையாளர் பக்கம் சிக்குவது எங்கே?

பிம் (கட்டடத்தின் பொருள்களை வடிவத்தோடும் விவரங்களோடும் சேர்த்து வைக்கும் கணினி மாடல் முறை) வேண்டாம் என்று மறுக்கும் கட்டட உரிமையாளர்களைவிட, மாடலை வாங்கி வைத்துவிட்டு அதைத் திறந்தே பார்க்காதவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். சிக்கல் மென்பொருளில் இல்லை, எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்பதில் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் 'பிம் மாடல் தர வேண்டும்' என்று ஒற்றை வரி இருக்கும். இல்லையென்றால் 'அனைத்தும் எல்.ஓ.டி. 500' என்றிருக்கும். எல்.ஓ.டி. என்பது மாடலில் உள்ள பொருளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று காட்டும் நிலை எண். இரண்டாவதுதான் மோசம். எல்.ஓ.டி. 500 என்பது நுணுக்கமாக வரைவது அல்ல, தளத்தில் நேரில் சரிபார்த்தது என்று பொருள். சுவருக்குள் புதைந்த குழாய் வரை சரிபார்க்கச் சொன்னால் ஒப்பந்ததாரர் விலையை ஏற்றுவார். அதைப் பார்த்து உரிமையாளர் பிம்மையே கைவிடுவார். பம்ப், வால்வு, ஏ.எச்.யூ. (ஏ.சி. காற்றைச் செலுத்தும் யூனிட்), ஃபயர் டாம்பர் (தீயின்போது காற்றுக் குழாயை மூடும் தடுப்பு), மின்பலகை என்று பராமரிப்பில் கை வைக்க வேண்டியவற்றுக்கு மட்டும் கேட்டால் போதும்.

பணத் தடையும் உண்டு. கட்டும் பட்ஜெட் ஒருவர் கையில், பராமரிப்பு பட்ஜெட் இன்னொருவர் கையில். செலவு முன்னவருக்கு, பலன் பின்னவருக்கு. மென்பொருள்களுக்கிடையே தகவல் ஒழுங்காகக் கைமாறாததால் அமெரிக்கக் கட்டுமானத் துறைக்கு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் விரயம் என்று அந்நாட்டுத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2004-ல் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது உரிமையாளர், இயக்குபவர் தலையில்தான். பட்ஜெட் கூட்டத்தில் காட்ட உகந்த எண்.

என்ன கேட்பது? பராமரிப்பு மென்பொருளில் எந்தப் புலங்களை நிரப்பாமல் பதிவு ஏறாதோ, அவையே உங்கள் பட்டியல். பராமரிப்புக் குழுவை டெண்டருக்கு முன்பே உட்கார வைக்காவிட்டால் இது கிடைக்காது.

இனி ஒரு ஏ.எச்.யூ.வை எடுத்துக்கொள்வோம். பராமரிப்புக்கான தகவலை ஒப்படைக்கும் கோபி (COBie) அட்டவணையில் தயாரிப்பாளர், மாடல் எண், உத்தரவாதக் காலம் ஆகியவை டைப் தாளில் வரும். சீரியல் எண், நிறுவிய தேதி, டேக் எண் (பொருளுக்குத் தரும் அடையாள எண்), இருக்கும் அறை ஆகியவை காம்பொனன்ட் தாளில். டிசைன் முடியும்போது சீரியல் எண் காலியாக இருப்பது இயல்பு, பொருள் வந்திறங்கிய பிறகுதான் அது தெரியும். அறையும் காலியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தொங்கும் யூனிட், அறையின் உயரம் சீலிங்கோடு முடிவதால் எந்த அறைக்குள்ளும் விழாது. மாடல் வரையும் மென்பொருளான ரெவிட்டில் அந்த ஃபேமிலியின் (அந்த வகைப் பொருளின் வார்ப்பு) அறைக் கணக்குப் புள்ளியைக் கீழே இறக்கி வைத்தால் சரியாகும். அறை எண்களிலும் கவனம் வேண்டும். வரைபடத்தில் ஒன்றும் கதவுப் பலகையில் வேறொன்றுமாக இருந்தால் முழு அட்டவணையும் பாழ்.

அடுத்தது, எளிதில் கண்ணில் படாத கோளாறு. மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பரிமாறும் பொதுக் கோப்பு வடிவமான ஐ.எஃப்.சி.யில் ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்து அடையாளம் உண்டு. அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு. எக்செலின் வி-லுக்கப் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், அதனால் தப்பான வரி பொருந்திவிடலாம். எக்ஸாக்ட் சூத்திரத்தால் சரிபாருங்கள். பொருளை அழித்துவிட்டு மறுபடி வரைந்தால் அடையாளமே மாறி, பராமரிப்பு மென்பொருளுடனான இணைப்பு அறுந்துவிடும். எனவே டேக் எண்ணையும் தனியாக வைத்திருங்கள்.

ஒப்படைப்பு நாளில் மொத்தமாக வாங்காதீர்கள். முதலில் ஒரே ஒரு மாடியின் தரவை வாங்கி, உண்மையான மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் எது வரும், வராவிட்டால் எந்தத் தவணை நிற்கும் என்று எழுதிவையுங்கள். மூலக் கோப்பும் ஐ.எஃப்.சி.யும் சேர்த்தே வேண்டும், திருத்தும் உரிமையோடு. மாடலில் பிழை இருந்தாலும் தந்தவர் பொறுப்பில்லை என்று ஒதுங்க வழிவிடும் 'தகவலுக்கு மட்டும்' என்ற வாசகம் ஒப்பந்தத்தில் நுழைந்திருந்தால், கையெழுத்துக்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள். பிறகு வழக்கறிஞர் வந்தும் பயனில்லை.

திறப்புக்குப் பிறகு முதல் தடுப்புச் சுவர் இடம் மாறும்போதே மாடல் பழசாகிவிடும். இயக்கக் காலத்துக்கென்றே, பிம் தகவல் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 19650-ன் மூன்றாம் பாகம் 2020-ல் வந்தது. நடைமுறையில் ஒரு ஷரத்து தேவை: சிறு புதுப்பிப்பு வேலையானாலும், நடப்பு மாடலை வாங்கிச் செல்பவர் திருத்திக் கொடுத்த பிறகே கடைசி பில் பாஸாகும்.